முதலில் விலைபோகும் குட்டி

மூன்று வருடத்துக்கு முந்தைய பக்ரீத் சமயம். குடற்புழு மருந்து கொடுப்பதற்காக மேச்சேரிப் பக்கம் ஒரு செம்மறி ஆட்டுப் பட்டிக்குப் போயிருந்தேன். எனக்கு முன்பே வியாபாரி வந்துவிட்டார். தராசு எதுவும் அவரிடம் இல்லை. ஒவ்வொரு கிடாக்குட்டியாகப் பிடித்து, இடுப்பெலும்புக்கு மேலே கட்டைவிரலை அழுத்திப் பார்த்தார். முதுகுத்தண்டின் இருபுறமும் தடவினார். முன்னங்கால்களுக்கு நடுவே கையை விட்டு ஒரு தூக்கு தூக்கினார். கால்மணி நேரத்தில் பதினைந்து குட்டிகளில் பதினொன்றைப் பிரித்து வேலியோரம் நிறுத்திவிட்டார். பணம் கைமாறி, வண்டியும் கிளம்பியது.

மிச்சம் இருந்த நான்கில் ஒன்றின் கொம்பில்லாத தலையைத் தடவியபடி, "இதைப் பொலிக்கு விடலாம் என்று இருக்கிறேன் டாக்டர்" என்றார் பட்டிக்காரர். பெட்டைகளோடு சேர விடுவதைத்தான் பொலிக்கு விடுவது என்பார்கள்.

"ஏன் இதை?" என்றேன்.

"மற்றதெல்லாம் போய்விட்டதே."

இந்தப் பதிலை எத்தனை பட்டிகளில் கேட்டிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. வேகமாக வளர்ந்த கிடாக்குட்டிதான் முதலில் விலைபோகிறது. அது தன் வளர்ச்சியை ஒரு குட்டிக்குக்கூடக் கொடுக்காமல் கறிக்கடைக்குப் போய்விடுகிறது. யாரும் வாங்காமல் நின்ற குட்டி, அடுத்த வருடம் முப்பது பெட்டை ஆடுகளுக்குப் பொலிகிடாவாகிறது. பதினைந்து இருபது வருடம் இப்படியே நடந்த பட்டியில் நிற்கும் பெரியவர், "எங்கள் அப்பா காலத்து ஆடு இப்படி இருக்காது" என்கிறார். மேய்ச்சல் நிலம் சுருங்கியதும் மழை தவறுவதும் உண்மையான காரணங்கள்தான். ஆனால் நல்லதை விற்று நலிந்ததைப் பெருக்கும் வேலையை நாமே செய்கிறோம் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரு பெட்டை ஆடு இரண்டு வருடத்தில் மூன்று முறை ஈன்றால் அதுவே நல்ல பட்டி. மேச்சேரி இனத்தில் இரட்டைக் குட்டி அபூர்வம். ஆகவே ஒரு தாயின் குணம் வருடத்துக்கு ஒன்றிரண்டு குட்டிகளோடு நின்றுவிடும். கிடாவின் குணமோ அந்த வருடம் பிறக்கும் எல்லாக் குட்டிகளிலும் பாதியாக இருக்கும். அதனால்தான், பட்டியில் ஒரே ஒரு ஆட்டைத்தான் கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் அது கிடாவாகட்டும் என்று சொல்கிறேன்.

"நாற்பது வருடமாக ஆடு பார்க்கிறேன், எனக்குக் கண்ணால் தெரியாதா?" என்று கேட்பார்கள். நோயும் கால்குறையும் பல்லும் விதையின் அளவும் கண்ணுக்கும் கைக்கும் நிச்சயம் தெரியும். அந்த அனுபவத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் வளர்ச்சியைப் பொறுத்தவரை கண் ஏமாறும். அதே பட்டியில் அடுத்த வருடம் நாங்கள் எடை போட்ட இரண்டு குட்டிகளைச் சொல்கிறேன். ஒன்று 13.2 கிலோ, மற்றது 10.9 கிலோ. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் சிறுபிள்ளைகூட முதல் குட்டியைத்தான் காட்டும். பிறந்த நாளும் எடையும் எழுதிய நோட்டைத் திறந்தோம். பெரிய குட்டி பிறந்து 104 நாள் ஆகியிருந்தது, பிறந்தபோதே 2.8 கிலோ; தாய்க்கு அது நான்காவது ஈற்று. சின்னக் குட்டிக்கு 84 நாள்தான். பிறப்பு எடை 2.3, தாய்க்குத் தலையீற்று.

கணக்கு எளிது. இன்றைய எடையிலிருந்து பிறப்பு எடையைக் கழித்து, வயது நாட்களால் வகுத்தால் ஒரு நாள் வளர்ச்சி கிடைக்கும். அதைத் தொண்ணூறால் பெருக்கிப் பிறப்பு எடையைக் கூட்டினால் தொண்ணூறாம் நாள் எடை. பெரிய குட்டி நாளுக்கு 100 கிராம் வளர்ந்திருக்கிறது, சின்னது 102 கிராம். தொண்ணூறாம் நாள் எடை 11.8-உம் 11.5-உம். இரண்டே கால் கிலோவுக்கு மேல் தெரிந்த வித்தியாசம் 300 கிராமாகச் சுருங்கிவிட்டது. தலையீற்றுத் தாய்க்குப் பால் குறைவு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தச் சின்னக் குட்டியை விற்கவே கூடாது. இருபது நாள் முன்னால் பிறந்ததையும் தாயின் பாலையும் குட்டியின் பரம்பரைக் குணமாகக் கண் எடுத்துக்கொள்கிறது. இரட்டையாகப் பிறந்த குட்டிக்கும் இதே அநியாயம்தான். பாலைப் பங்கு போட்டுக் குடித்ததால் அது சிறுத்திருக்கும். நாம் அதைக் கழித்துவிட்டு, தனிக்குட்டியாகவே பார்த்து நிறுத்துவோம். இரட்டை ஈனும் குணத்தையும் அதோடு சேர்த்து விற்றுவிடுகிறோம்.

நோட்டு என்றதும் பலர் பயந்துவிடுகிறார்கள். நூறு பக்க நோட்டு ஒன்று, எண் பொறித்த காது வில்லை, தொங்குதராசு, குட்டியைக் கிடத்தித் தூக்க ஒரு சாக்கு, இவ்வளவு போதும். ஆடு ஒன்றுக்கு ஒரு பக்கம். பிறந்த அன்றே குட்டியின் எண், தாயின் எண், கிடாவின் எண், ஆணா பெண்ணா, ஒற்றையா இரட்டையா, எடை ஆகியவற்றை எழுத வேண்டும். தொண்ணூறு நாளை ஒட்டிப் பால் மறக்கும்போது ஓர் எடை, ஆறு மாதத்தில் ஓர் எடை. காலையில் மேய்ச்சலுக்கு ஓட்டுவதற்கு முன் வெறும் வயிற்றில் எடை போடுங்கள். மாலையில் வயிறு நிறைய மேய்ந்து வந்த குட்டி தராசில் பொய் சொல்லும். வில்லை முள்ளில் மாட்டிக் கிழிந்து விழுவது உண்டு. அடையாளத்துக்குக் காதில் ஒரு வெட்டும் இருப்பது நல்லது.

எல்லாவற்றிலும் கடினமானது அப்பா யார் என்று எழுதுவது. பல பட்டிகள் ஒன்றாக மேயும் இடத்தில் எந்தக் கிடா சேர்ந்தது என்று யாருக்குத் தெரியும்? இதற்கு நான் கண்ட எளிய வழி காவி. காவிப்பொடியை எண்ணெயில் குழைத்துக் கிடாவின் மார்பில் தடவிவிட்டால், அது ஏறிய பெட்டையின் இடுப்பில் தடம் விழும். காலையில் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். பருவம் திரும்புவது 17 நாளுக்கு ஒருமுறை என்பதால், அதற்குப் பிறகு நிறத்தை மாற்றித் தடவினால் எது சினை பிடிக்காமல் மறுபடி பருவத்துக்கு வந்தது என்பதும் தெரிந்துவிடும். வேண்டாத கிடாவுக்கு வயிற்றடியில் சாக்குத் துணி கட்டிவிட வேண்டும்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். இறந்த குட்டிக்கும் ஒரு வரி எழுதுங்கள். செத்ததை எழுத யாருக்கும் கை வருவதில்லை. ஆனால் பட்டியின் லாபத்தைத் தின்பது பெரும்பாலும் அந்த எழுதாத வரிதான்.

மூலனூர்ப் பக்கம் கொரங்காட்டில் ஆடு வளர்க்கும் ஓர் அம்மாவின் நோட்டை எப்போதும் உதாரணமாகக் காட்டுவேன். கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல் என்று அழகான மேய்ச்சல் காடு அது. அங்கே 42 பெட்டை ஆடுகள். மூன்று வருடம் விடாமல் எழுதியிருந்தார். ஒவ்வொரு தாயும் அந்த மூன்று வருடத்தில் பால் மறக்கும் வரை வளர்த்துக் கொடுத்த குட்டிகளின் எடையைக் கூட்டலாம் என்று ஒரு மதியம் இருவரும் திண்ணையில் உட்கார்ந்தோம். 31ஆம் எண் ஆடு காது கிழிந்து, முதுகு சற்று வளைந்து, பார்வைக்கு ஒன்றுமில்லாதது. நான்கு ஈற்று, நான்கு குட்டி, நான்கும் பிழைத்தன. மொத்தம் 45.7 கிலோ. 14ஆம் எண் பட்டியிலேயே அழகான ஆடு. முதல் குட்டி ஒன்பதாம் நாள் இறந்தது. இரண்டாவது குட்டி 7.8 கிலோவில் பால் மறந்தது. மூன்றாம் வருடம் சினையே பிடிக்கவில்லை.

அவர் நீண்ட நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தார். "விற்கச் சொல்கிறீர்களே டாக்டர், இது என் பேத்தி புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆடு."

நான் வற்புறுத்தவில்லை. அதை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதன் பெண்குட்டியைத் தாயாட்டுக்கு நிறுத்தாதீர்கள் என்றேன். அதோடு, பட்டியலின் கடைசியில் இருந்த வேறு ஐந்து ஆடுகளை அந்த மாதமே சந்தைக்கு அனுப்பினார். ஒரே காட்டில் அதே புல்லைத் தின்று வெறுமனே நின்ற ஆடுகள் அவை. அவற்றின் பங்குப் புல் மற்றவற்றுக்குப் போனது. நோட்டால் முதல் வருடமே கைக்கு வரும் பணம் இப்படிக் கழிப்பதில்தான் இருக்கிறது.

கிடாவின் வழியாக வரும் லாபம் மெதுவாக வரும். இதை மறைத்துப் பேசுவது தவறு. ஆறு மாத எடையில் தன்னோடு பிறந்த குட்டிகளின் சராசரியைவிட இரண்டு கிலோ கூடுதலாக உள்ள ஒரு கிடாவை நிறுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு கிலோவில் பெரும்பகுதி தீவனம், தாய்ப்பால், அதிர்ஷ்டம். பரம்பரையாகக் கடத்தக்கூடியது ஐந்தில் ஒரு பங்கு என்று கொண்டால் 400 கிராம். அதில் பாதிதான் அப்பா வழியே குட்டிக்குப் போகும். குட்டிக்கு 200 கிராம். இவ்வளவுதானா என்று முகம் சுருங்கும். ஆனால் இந்த 200 கிராம் பட்டியின் எல்லாக் குட்டிகளுக்கும் வருகிறது. தாயாட்டுக்கு நிறுத்தும் பெண்குட்டிகளிலும் தங்கிவிடுகிறது. அடுத்த கிடாவின் பங்கு அதற்கு மேல் ஏறும். தீவனம் வாங்கி ஏற்றிய எடை அந்தக் குட்டியோடு போய்விடும், இது போகாது. இரட்டை ஈனுதல், சினை பிடித்தல் போன்ற குணங்களில் பரம்பரையின் பங்கு இன்னும் குறைவு என்பதால் அங்கே இன்னும் பொறுமை வேண்டும்.

நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த புதிதில், அடர்தீவனம் போட்டுக் கொட்டிலில் வளர்த்த ஒரு கிடாவைப் பார்த்து மயங்கி, மேய்ச்சல் பட்டிக்காரர் ஒருவரை அதை வாங்க வைத்தேன். நல்ல விலை கொடுத்தார். அதன் குட்டிகள் பட்டியின் மற்ற குட்டிகளைவிட ஒரு பிடிகூடக் கூடுதலாக வளரவில்லை. தீவனத்தில் வந்த உடம்பு குட்டிக்குப் போகாது என்பதை அவருடைய பணத்தில் நான் கற்றுக்கொண்டேன். ஒரே பட்டியில், ஒரே பருவத்தில் பிறந்து, ஒரே மேய்ச்சலில் வளர்ந்தவற்றுக்குள் மட்டுமே ஒப்பிட வேண்டும். எந்த ஊர்க் கிடாவாக இருந்தாலும் "எத்தனை கிலோ?" என்று கேட்பதைவிட, "கூடப் பிறந்தவற்றைவிட எத்தனை கிலோ கூடுதல்?" என்று கேளுங்கள்.

சேலம் மாவட்டம் பொட்டனேரியில் உள்ள மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையத்தில் பல தலைமுறை ஆடுகளுக்கு இத்தகைய பதிவு இருக்கிறது. அங்கே கிடாவைத் தேர்ந்தெடுப்பது இந்தக் கணக்கின் அடிப்படையில்தான். காட்டுப்பாக்கத்தை மையமாகக் கொண்டு சென்னை சிவப்பு ஆட்டுக்கு நடக்கும் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், விவசாயிகளின் பட்டிகளுக்கே கிடாக்களைக் கொடுத்து, அங்கே பிறக்கும் குட்டிகளை எடை போடுகிறது. இந்த யோசனை பழையது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ராபர்ட் பேக்வெல் என்ற பண்ணையாளர் தன் கிடாக்களை விற்காமல் பருவத்துக்கு வாடகைக்கு விட்டார். பல பண்ணைகளில் பிறந்த குட்டிகளைப் பார்த்து எந்தக் கிடா உண்மையில் நல்லது என்று தெரிந்துகொண்டு, அதைத் தன் மந்தைக்கே திரும்ப அழைத்துக்கொண்டார். நான்கு பட்டிக்காரர்கள் நோட்டோடு ஒன்று சேர்ந்தால் நம் ஊரிலும் இதைச் செய்யலாம்.

அப்படிக் கிடாவை மாற்றிக்கொள்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரே கிடாவை இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் அதன் மகள்களே அதற்குப் பருவத்துக்கு வந்துவிடும். உறவுக்குள் சேரும்போது குட்டிகள் நலிந்து பிறக்கின்றன, இறப்பும் கூடுகிறது. கிடாவை அடுத்த ஊருக்கு மாற்றும்போது அதன் பக்கத்தையும் நகலெடுத்துக் கொடுத்து அனுப்புங்கள்.

இரட்டை ஈனும் ஆடு வேண்டும் என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். வங்கத்துச் சுந்தரவனப் பகுதியின் கரோல் ஆட்டில் பல குட்டி ஈனும் ஒற்றை மரபணு இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் பல்டனில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அதைத் தக்காணி ஆட்டுக்குள் கொண்டுவந்து சுவர்ணா ஆட்டை உருவாக்கியது. அருமையான வேலை. ஆனால் உங்கள் நோட்டில் ஒற்றைக் குட்டியே 8 கிலோவில் பால் மறக்கிறது என்றால், இரண்டு குட்டிக்கு அந்தத் தாய் எங்கிருந்து பால் கொடுக்கும்? முதலில் அந்த எட்டை ஏற்றுங்கள்.

அந்த மேச்சேரிப் பட்டிக்காரர் மறு வருடம் வியாபாரி வருவதற்குப் பத்து நாள் முன்பே என்னைக் கூப்பிட்டார். வேப்பமரக் கிளையில் தராசு தொங்கியது. எல்லாக் கிடாக்குட்டிகளையும் எடை போட்டு, கணக்குப் பார்த்து, இரண்டைப் பிரித்துத் தனியாக அடைத்தார். அந்த 84 நாள் குட்டி அதில் ஒன்று. வியாபாரி வந்ததும் நேராக அடைத்து வைத்த இடத்துக்குத்தான் போனார். மற்றொன்றுக்கு நல்ல விலையும் சொன்னார். "அது விற்பனைக்கு இல்லை" என்றார் இவர். வியாபாரி விலையை இரண்டு முறை ஏற்றினார். பட்டிக்காரரின் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு அந்தப் பணம் தேவைதான் என்று எனக்கும் தெரியும். கிடா போகவில்லை.

இரண்டும் போன ஆடியில் பொலிக்கு விடப்பட்டன. மார்கழியிலும் தையிலும் 26 குட்டிகள் விழுந்திருக்கின்றன. இரண்டு இறந்துவிட்டன, அதையும் எழுதியிருக்கிறார். மீதி இருபத்து நான்குக்கும் தொண்ணூறு நாளை ஒட்டிய எடை பங்குனிக் கடைசியில். அன்று காலை மேய்ச்சலுக்கு ஓட்டுவதற்கு முன் வந்துவிடச் சொல்லியிருக்கிறார்.