ஆப்பில் தெரிந்தால் டிவியில் வந்துவிடாது

டிஷ் வைக்கச் சொல்லி இப்படிக் கூப்பிட்டதில் இந்த மாதம் இது மூன்றாவது வீடு. இங்கே மொரிஷியஸின் ரோஸ்ஹில்லில் ஓர் அம்மா, மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கச் சென்னை போனவர், புடவைகளுக்கு நடுவே ஒரு டிடிஎச் (செயற்கைக்கோளிலிருந்து வீட்டு டிஷ்ஷுக்கு நேரடியாக வரும் டிவி) செட்-டாப் பாக்ஸையும் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். “தம்பி, டிஷ்ஷைச் சரியாத் திருப்பி வச்சிட்டாப் போதும், சீரியல் வந்துடும்” என்றார்.

வராது. எத்தனை தடவைதான் சொல்வது!

83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே நிற்கும் இந்தியச் செயற்கைக்கோள் மொரிஷியஸ் வானத்தில் நன்றாகவே இருக்கிறது. போர்ட் லூயிஸில் கணக்குப் போட்டால் வடக்கிலிருந்து கிழக்காக 54 டிகிரி, அடிவானத்துக்கு மேல் சுமார் 53 டிகிரி. செயற்கைக்கோள் இருக்கும் திசையைப் போன் ஆப் அம்புக்குறி போட்டுக் காட்டும். அதனால்தான் யாரும் என் பேச்சை நம்புவதில்லை.

“தூரம் அதிகமோ?” என்கிறார்கள். சென்னையிலிருந்து அது ஏறக்குறைய 36,000 கி.மீ., இங்கிருந்து 36,900. இந்த வித்தியாசத்தில் போவது கால் டெசிபல்கூட (சிக்னல் வலிமையை ஒப்பிடும் அளவு) இல்லை. சிக்கல் பீமில், அதாவது செயற்கைக்கோள் கீழே அனுப்பும் சிக்னல் கற்றையில். டிடிஎச் ஒளிபரப்பின் கேயூ பேண்ட் (சின்ன டிஷ்ஷுக்கான அலைவரிசை) பீமை இந்திய நிலத்தின் மேல் விழும்படி குவித்திருக்கிறார்கள். நாம் அதற்கு வெளியே. பீமுக்கு வெளியே சிக்னல் 20 டெசிபல் சரிந்தது என்று வையுங்கள், மிஞ்சுவது நூற்றில் ஒரு பங்கு. அதை ஈடுகட்ட 60 செ.மீ. டிஷ் 6 மீட்டராக வேண்டும். 120 செ.மீ. போட்டால் கிடைப்பது வெறும் 6 டெசிபல். மொட்டை மாடியில் 6 மீட்டர் தட்டை ஏற்றினால் புயல் காலத்தில் அது பாய்மரம்தான். “பெரிய டிஷ் போட்டா வரும்” என்று எவராவது சொன்னால், முதலில் மீட்டரில் சிக்னலைக் காட்டச் சொல்லுங்கள். காசு அப்புறம்.

இங்கே கிடைக்கிற சேவைக்கு டிஷ் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரிலிருக்கும் மாமா வீடியோ காலில் “தெற்கே திருப்புடா” என்பார். அது அவர் ஊருக்குச் சரி. நாம் வடக்குப் பக்கம் பார்க்க வேண்டும். திசைகாட்டி முள்ளை அப்படியே நம்பாதீர்கள். இங்கே அது உண்மையான வடக்கிலிருந்து மேற்கே 15 டிகிரிக்கு மேல் விலகி நிற்கும். திருத்தம் போடாமல் திருப்பிவிட்டு எல்என்பியை (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் கருவி) குறை சொல்லாதீர்கள். மழை அதிகமான கியூர்பிப் பக்கம் இருப்பவர்கள் வெயில் நாளில் படம் வந்ததும் நட்டை இறுக்கிவிட்டுப் போகாதீர்கள். மழையில் சிக்னல் குறையும், அதற்கும் கொஞ்சம் மிச்சம் வேண்டும்.

ஊருக்குப் போகிறவர்களே, பாக்ஸ் வாங்கும் முன் தெரிந்த டெக்னீஷியனுக்கு ஒரு போன் போடுங்கள், தயவுசெய்து. அந்த அம்மா வீட்டில் ஃபைபர் இணைப்பு ஏற்கெனவே இருந்தது. சீரியலை அதில் போட்டுக் கொடுத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்தேன்.