பழைய ஜெர்மன் பெட்ரோல் ஸ்டவ்: வயதைக் கண்டறிய நெருப்பு வேண்டாம்

பழைய பொருள் சந்தையில் வாங்கிய பித்தளை ஸ்டவ்வோடு என்னிடம் வந்து, “இது ஹிட்லர் காலத்து ராணுவ ஸ்டவ்தானே?” என்று கேட்காதவர் இல்லை. சென்ற வாரம் வந்தவர் ஒருபடி மேலே போயிருக்கிறார். அசல்தானா என்று பார்க்க, பங்க்கில் பிடித்த பெட்ரோலை ஊற்றிச் சமையலறையிலேயே பற்றவைத்திருக்கிறார். மூடி வழியே தீ சீறியது. புருவம் கருகியதோடு தப்பித்தார்.

முதலில் ஸ்டவ்வில் இருக்கும் அந்த ‘டி.ஆர்.பி.’ (D.R.P.) முத்திரை. அதைக் கண்டதும் போர்க்காலம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது ஜெர்மன் பேரரசின் காப்புரிமைக் குறி. 1877-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது; கெய்சர் என்ற பேரரசரின் ஆட்சியிலும் அதன்பின் வந்த வைமார் குடியரசிலும் புழங்கி 1945 வரை நீடித்தது. ராணுவத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காபிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்திலும் அதே குறி இருக்கும்! பக்கத்தில் உள்ள எண் காப்புரிமைக்கு உரியது. ஸ்டவ் செய்த ஆண்டை அது சொல்லாது. ‘டி.பி.பி.’ (D.B.P.) என்றிருந்தால் 1949-க்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனி. எண்டர்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ஸ்டவ்வில் காணும் 9061 மாடல் எண். அதில் ஆண்டைத் தேடாதீர்கள். மேற்கு ஜெர்மன் ராணுவம் பயன்படுத்திய ஸ்டவ் அது. அந்த ராணுவமே 1955-இல்தான் உருவானது. டிரெஸ்டன் நகரின் பார்த்தெல் நிறுவனம் செய்த யூவெல் 34 என்ற ஸ்டவ் இரண்டாம் உலகப் போரில் பயன்பட்டது உண்மைதான். அதற்காக எல்லா யூவெல்லும் போர்முனை கண்டதாகிவிடாது.

தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். தொட்டியின் அடியைச் சோப்பு நீரில் நனைத்த துணியால் ஒற்றியெடுத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். தேய்ந்த எழுத்தின் ஓரத்தில் மெல்லிய நிழல் விழும், படித்துவிடலாம். எமரி தாள் பட்டால் அந்த எழுத்து போனது போனதுதான்.

மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பழகிய துணிச்சல் இங்கே உதவாது. பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். மூடியின் வாஷர் கல்லாக இறுகியிருக்கும். பாதுகாப்பு வால்வின் ஸ்பிரிங் துருவேறியிருக்கும். கசிவைத் தடுக்கும் பழைய பேக்கிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், சுரண்டித் தூசி கிளப்பாதீர்கள். தொட்டி புடைத்திருந்தாலோ ஈயம் வைத்து ஒட்டியிருந்தாலோ அலமாரியில் வையுங்கள், பற்றவைக்கவே வேண்டாம். மற்றவற்றை, வாஷரும் வால்வும் மாற்றிச் சோதித்த பிறகு வெட்டவெளியில் மட்டும் ஏற்றுங்கள். என்னிடம் கொண்டுவருவதானால் எரிபொருளை வடித்துவிட்டு, துடைக்காமல், அழுக்கோடு அப்படியே கொண்டுவாருங்கள்.