கேரிக் நேவர் எங்கே இருக்கிறது?

டொரன்டோவில் மகள் வீட்டில் தங்கியிருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். மருமகன் ஐரிஷ் வம்சாவளி. சம்பந்தி வீட்டுப் பழைய பைபிளின் முதல் பக்கத்தில், கொள்ளுத்தாத்தா பிறந்த ஊர் 'கேரிக் நேவர், கார்க் கவுன்டி' என்று மையில் எழுதியிருக்கிறதாம். மேப்பில் தேடினால் அப்படி ஓர் ஊரே இல்லை. ஊர் அழிந்துபோனதா, எழுதினவர் தப்பாக எழுதிவிட்டாரா என்று கேட்கிறார்.

தப்புதான். ஆனால் காது செய்த தப்பு. கை நழுவி எழுதிய தப்பு எப்படியும் இருக்கலாம். காதின் தப்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போகலாம்.

அயர்லாந்தில் ஊர்ப் பெயர் இல்லாமல் மூதாதையரைத் தேடுவது கடலில் பெருங்காயம் கரைத்த கதை. நாட்டின் ஆவணக் காப்பகம் 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளினில் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி அதோடு போயிற்று. 1861, 1871 கணக்குகளை அரசே அழித்துவிட்டது. 1881, 1891 கணக்குகள் முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாயின. முழுசாக மிஞ்சியவற்றில் பழையது 1901. அதற்கு முன்னால் போக வேண்டுமானால் 1847 முதல் 1864 வரை எடுத்த கிரிஃபித் நிலவரி மதிப்பீடு போன்ற பட்டியல்கள்தான் கைகொடுக்கும். அவை டவுன்லேண்ட் வாரியாக இருக்கின்றன. பெயரில் டவுன் இருந்தாலும் டவுன்லேண்ட் நகரம் கிடையாது. சராசரியாக 300 ஏக்கருக்குச் சற்று மேல் வரும் ஒரு துண்டு நிலம். இப்படி 60,000-க்கும் மேல் இருக்கின்றன. தீவைவிட்டுக் கப்பலேறிய குடியானவர் 'என் ஊர்' என்று சொன்னது பெரும்பாலும் இதைத்தான்.

இந்தப் பெயர்கள் ஐரிஷ் மொழியில் பிறந்தவை. ஆங்கிலம் மட்டும் தெரிந்த கிளார்க் ஒருவர் காதில் விழுந்ததைத் தன் எழுத்தில் எழுதினார். திருவல்லிக்கேணியை டிரிப்ளிகேன் ஆக்கிய அதே காதுதான். அப்புறம் 1824-ல் கோல்பி என்ற ராணுவ அதிகாரியின் தலைமையில் அயர்லாந்து முழுவதையும் அளக்க ஆரம்பித்தார்கள். (அவர் வடிவமைத்த அளவுகோல் தண்டுகள் பின்னால் இந்திய நில அளவைக்கும் வந்தன.) வரைபடத்தில் ஊருக்கு ஒரே ஒரு எழுத்துக்கூட்டு வேண்டுமே? ஜான் ஓடோனவன் என்ற அறிஞர் ஊர் ஊராகப் போய், அங்கே உள்ளவர்கள் சொல்லக் கேட்டு எழுதினார். அவருடைய குழுவின் பெயர்ப் புத்தகங்களில் ஒவ்வோர் ஊருக்கும் அதுவரை புழங்கிய விதவிதமான எழுத்துக்கூட்டுகளும் பதிவாகியிருக்கின்றன. தப்புகளையும் சேர்த்துவைத்த இந்தக் காரியத்துக்காகவே அவருக்குச் சிலை வைக்கலாம்.

நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட எல்லிஸ் தீவின் அதிகாரி எங்கள் பெயரை மாற்றிவிட்டார் என்று அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு ஒரு கதை சொல்வார்கள். நம்பாதீர்கள். பயணிகள் பட்டியல் கப்பல் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்டது. தீவில் அதை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான்.

சரி, ஒழுங்கு உண்டு என்றேனே, அதற்கு வருகிறேன். ஒருமுறை 'கல்' என்று சொல்லிப் பாருங்கள். பிறகு 'செங்கல்'. எழுத்து ஒன்றேதான், ஆனால் மூக்கொலிக்குப் பின்னால் வருவதால் செங்கல்லில் 'க' குழைந்துவிடுகிறது. ஐரிஷில் கல்லுக்கு 'க்ளோக்'. 'கற்களின்' என்று சொல்ல முன்னால் 'ந' என்றொரு சிறு சொல் வரும். அந்தக் காலத்தில் அந்தச் சொல்லின் முடிவில் ஒரு மூக்கொலி இருந்தது. அது செங்கல்லில் நடந்ததையே அங்கேயும் செய்தது. பல நூற்றாண்டுகளில் மூக்கொலி தேய்ந்து காணாமல் போய்விட்டது, குழைவு மட்டும் நின்றுவிட்டது. 'ங்'-ஐ யாரோ திருடிக்கொண்டு போன செங்கல்! எனக்கு இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை.

மற்ற எழுத்துகளுக்கும் இதே கதை. மாட்டுக்கு 'போ', மாடுகளின் என்றால் 'ந மோ'. ஆணுக்கு 'ஃபார்', ஆண்களின் என்றால் 'ந வார்'. ஐரிஷில் எழுதும்போது பழைய எழுத்தையும் விடாமல் புதியதை அதற்கு முன்னால் ஒட்டுவார்கள், அதனால் படிக்கிறவருக்கு மூலச்சொல் தெரியும். காதால் மட்டும் கேட்ட கிளார்க்குக்கு அது தெரிய வழியில்லை.

இப்போது நம் பைபிளுக்கு வருவோம். 'கேரிக்' பாறை. நடுவில் 'ந'. மிச்சம் 'வர்'. 'வ'-வைத் திருப்பினால் 'ஃப'. ஆண்களின் பாறை. கார்க் நகரத்துக்கு வடக்கே கேரிக்நவார் என்று ஓர் ஊர் இன்றும் இருக்கிறது.

கம்ப்யூட்டர் இதைச் செய்யாதா? 1918-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற, ஒலி ஒத்த பெயர்களுக்கு ஒரே குறி கொடுக்கும் சவுண்டெக்ஸ் முறையைப் பல தேடுபொறிகள் இன்னும் வைத்திருக்கின்றன. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிர்களைத் தள்ளிவிட்டு, அடுத்து வரும் மெய்களுக்கு இன வாரியாக மூன்று எண் கொடுக்கும். குடும்பப் பெயருக்காகச் செய்த முறை அது. ஊர்ப் பெயரில் என்ன ஆகிறது பாருங்கள்: பாலினஹிஞ்ச், பாலினமோனா, பாலினமல்லார்ட் மூன்றுக்கும் ஒரே குறி, பி455. ஊரை அடையாளம் காட்டும் பகுதி வருவதற்குள் எண் தீர்ந்துவிடுகிறது. மொழி தெரிந்தவர் முன்பகுதியை உரித்துப் போட்டுவிட்டுக் கடைசிச் சொல்லில் தேடுவார். 'பாலி' என்றால் பொதுவாக ஊர். அதிலும் எல்லா 'பாலி'யும் ஊர் இல்லை. பாலினமல்லார்டில் இருப்பது ஆற்றுத்துறையின் வாய்.

அயர்லாந்து அரசு 1901, 1911 கணக்குகளையும் ஊர்ப் பெயர்த் தரவுத்தளமான லோகன்மையும் இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறது. லோகன்மில் பல பெயர்களைப் பேசியே காட்டுகிறார்கள். ஆராய்ச்சிப் பணம் இப்படிச் செலவானால் எனக்கு ஆட்சேபணையே இல்லை.

வாசகருக்கு ஒரு வேலை. கிரிஃபித் பட்டியலில் கேரிக்நவாரிலும் அக்கம்பக்கத்திலும் சம்பந்தி வீட்டுக் குடும்பப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் நான் சொன்னது வெறும் ஊகம். அதற்கு முன்னால், அந்த வீட்டில் வயதில் மூத்தவரிடம் பைபிளைக் காட்டாமல் ஊர்ப் பெயரைச் சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்த மாதிரி ஐரிஷ் பெயர்களில் அழுத்தம் கடைசிச் சொல்லில் விழும். அவர் 'கேரிக்'கை விழுங்கிவிட்டு 'வர்' மேல் ஏறி உட்கார்ந்தால், எனக்கு உடனே எழுதுங்கள்.