உடுமலை இன்பாக்ஸில் கிடந்த காப்புரிமைக் கடிதம்

கோவை கணபதியில் பம்பு பட்டறை வைத்திருக்கும் ஒருவர் போன மாதம், காப்புரிமை வேலை பார்க்கும் என்னிடம் வந்தார். பம்பில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் ஒரு சீல். அவரே யோசித்து, லேத்தில் கடைந்து கடைந்து பார்த்து உருவாக்கியது. காப்புரிமைக்கு விண்ணப்பித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. "ஒரு தபாலும் வரலீங்க" என்றார்.

விண்ணப்ப எண்ணைக் காப்புரிமை அலுவலகத் தளத்தில் போட்டுப் பார்த்தேன். அலுவலகம் தன் ஆட்சேபணைகளைச் சொல்லிப் பதில் கேட்கும் முதல் ஆய்வு அறிக்கை மெயிலில் போய் பதினோரு மாதம் ஆகிவிட்டது. பதில் வராததால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் காட்டியது. அதில் கொடுத்திருந்த மெயில் முகவரி, முன்பு அவர் பட்டறையில் கணக்கு எழுதிய பெண்ணுடையது. "அந்தப் புள்ள கல்யாணமாகி உடுமலைக்குப் போயிருச்சுங்களே" என்றவர், திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பதில் சொல்வதற்கான கெடு ஓடத் தொடங்குவது நாம் மெயிலைத் திறந்த நாளில் அல்ல, அவர்கள் அனுப்பிய நாளில். அன்றிலிருந்து ஆறு மாதம். ஒரு வருடம் இருக்கிறது என்று பழைய ஆட்கள் சொல்வது 2016-க்கு முந்தைய விதி. அவகாசம் போதாது என்றால், அந்த ஆறு மாதத்துக்குள்ளேயே படிவம் 4 போட்டு இன்னும் மூன்று மாதம் கேட்டு வாங்குவதுதான் பத்திரம்.

"திரும்பப் புதுசாப் போட்டா ஆகாதுங்களா?" என்று கேட்டார். எனக்குச் சொல்லவே மனம் வரவில்லை. விண்ணப்பம் பொதுவாக 18 மாதத்தில் வெளியிடப்பட்டுவிடும். அதன்பின் அதே சீல் உலகத்துக்குத் தெரிந்த பொருள். புதுமை என்று கோர முடியாது.

ஐரோப்பாவுக்கு விண்ணப்பிக்கும் ஏற்றுமதிக்காரர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் கடிதம் பொதுவாக அங்குள்ள உங்கள் வழக்குரைஞருக்குத்தான் போகும். முன்பு கடிதத் தேதியோடு பத்து நாள் சேர்த்துக் கணக்கிடுவார்கள். 2023 நவம்பர் 1 முதல் அந்தச் சலுகை கிடையாது. கடிதத்தில் உள்ள தேதியே கையில் கிடைத்த தேதி. அங்கிருந்து என்னிடம் வந்து, நான் உங்களுக்கு அனுப்பி, நீங்கள் திறப்பதற்குள் எத்தனை நாள் போகும் என்று பாருங்கள்.

அதனால் தயவுசெய்து ஊழியரின் சொந்த மெயிலைக் கொடுக்காதீர்கள். நிறுவனத்தின் பெயரில் ஒன்று தொடங்கி, ஓடிபி வரும் எண்ணை முதலாளியே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள். மாதம் ஒருமுறை விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலவரம் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. அப்புறம், கட்டணம் கட்டச் சொல்லிப் போலிக் கடிதங்களும் வருகின்றன. பணம் அனுப்புமுன் உங்கள் ஏஜென்டிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அவருக்கு இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) ஒன்றுக்கும் விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. அதிலும் அதே மெயில்தான். மாற்றுவதற்கான மனுவை அன்று மாலையே அனுப்பிவிட்டுத்தான் அவரை வீட்டுக்கு அனுப்பினேன்.