ஆயிரம் தடவை ஓட்டிய கணக்கில் எதைச் சேமித்தீர்கள்?

ஆய்வாளர்கள் எழுதிய புள்ளியியல் நிரல்களைப் படித்துச் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. அதில் அடிக்கடி கண்ணில் படுவது இது: ஒரு ஃபங்ஷனை, அதாவது ஒரு கணக்கைச் செய்யும் நிரல் துண்டை, ஆயிரம் தடவை ஓட்டுகிறார்கள், கடைசியில் ஒரு சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிடுகிறார்கள். சராசரி சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஆய்வை மதிப்பிடுபவர் கூடுதலாக ஒரு கேள்வி கேட்டால், எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டியதுதான்.

ஒரு சிமுலேஷனை, அதாவது உண்மை மதிப்பு தெரிந்த செயற்கைத் தரவைத் திரும்பத் திரும்ப உருவாக்கிச் செய்யும் சோதனையை, எடுத்துக்கொள்வோம். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (மதிப்பீட்டைச் சுற்றிய கீழ், மேல் எல்லைகள்), உண்மை மதிப்பை நூற்றுக்கு 95 தடவை பிடிக்கிறதா என்று பார்க்கிறோம். பிடித்த தடவைகளை மட்டும் எண்ணிக்கொண்டே போனால் முடிவில் 0.93 என்று வருகிறது. ஆயிரம் சுற்றில் தற்செயலான ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 0.007 தான், ஆகவே இந்தக் குறை நிஜமானது. சரி, ஏன் குறைந்தது? இடைவெளி குறுகலாக இருக்கிறதா, மதிப்பீடே ஒரு பக்கம் சாய்கிறதா? அந்த ஒற்றை எண்ணிடம் இதற்குப் பதில் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் மதிப்பீடு, திட்டப் பிழை (மதிப்பீடு எவ்வளவு ஏறி இறங்கும் என்ற அளவு), கீழ் எல்லை, மேல் எல்லை ஆகிய நான்கையும் எழுதி வைத்திருந்தால் பதில் கையில் இருக்கும். நான்காயிரம் எண்கள், எண்ணுக்கு 8 பைட் வீதம் 32,000 பைட். இதை மிச்சம்பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல் மொழியில், ஒரு ஃபங்ஷனைத் திரும்பத் திரும்ப அழைக்கும் எல்-அப்ளை (lapply) கொண்டு ஓட்டும்போது 900-ஆவது அழைப்பில் பிழை வந்து நின்றால், முன்னால் வந்த 899 விடைகளும் போய்விடும். முழுதும் முடிந்த பிறகுதான் விடை ஒரு பெயரில் வந்து சேர்கிறது. முன்கூட்டியே ஆயிரம் இடமுள்ள லிஸ்ட் ஒன்றை உருவாக்கி, ஃபார் லூப்பில் ஒவ்வொரு இடமாக நிரப்பினால் அதுவரை வந்தவை தப்பிக்கும். இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. ஃபங்ஷன் ‘ஒன்றுமில்லை’ என்று பொருள்படும் நல் (NULL) மதிப்பைத் திருப்பி, அதை இரட்டைச் சதுர அடைப்பில் ([[ ]]) ஓர் இடத்தில் வைத்தால், ஆர் அந்த இடத்தையே நீக்கிவிடும். பின்னால் இருப்பவை ஓரிடம் முன்னே நகர்ந்துவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. தோல்வியடைந்த சுற்றுக்கு நல் வேண்டாம், ‘மதிப்பு இல்லை’ என்று குறிக்கும் என்ஏ (NA) நிரப்பிய ஒரு வரியையே திருப்புங்கள்.

நான் மிகவும் வற்புறுத்துவது இந்தத் தோல்விச் சுற்றுகளைத்தான். பிழை வந்தாலும் நிரல் நிற்காமல் பிடிக்கும் ட்ரை-கேட்ச் (tryCatch) போட்டு, பிழை வந்தவற்றைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு, மிஞ்சியவற்றுக்குச் சராசரி எடுப்பது பரவலான பழக்கம். மாடல் எங்கே தடுமாறுகிறதோ அங்கேதான் தோல்வியும் வருகிறது. ஆகவே மிஞ்சியவை எளிதான தரவுகள், முடிவும் நல்ல பக்கம் சாய்ந்துவிடும். எச்சரிக்கைகள் இதைவிட ஆபத்தானவை. ஆம்/இல்லை என்ற விடையைக் கணிக்கும் லாஜிஸ்டிக் ரெக்ரஷனில் ஒரு மாறி இரண்டு குழுக்களையும் முழுதாகப் பிரித்துவிட்டால், ஆர் எச்சரித்துவிட்டு மிகப் பெரிய கெழு (அந்த மாறியின் தாக்கத்தைக் காட்டும் எண்) ஒன்றையும் கொடுத்துவிடும். அது சராசரியில் கலந்துவிட்டால் அப்புறம் தேடிப் பிடிப்பது கடினம். எனவே எச்சரிக்கையின் வாசகத்தையும், சிறந்த மதிப்பைத் தேடும் ஆப்டிம் (optim) ஃபங்ஷன் தரும் கன்வர்ஜென்ஸ் குறியீட்டையும் (தேடல் முறையாக முடிந்ததா என்று சொல்லும் எண்) அந்தச் சுற்றின் வரியிலேயே சேமியுங்கள். ட்ரை-கேட்ச் எச்சரிக்கையைப் பிடித்தால் கணக்கு அங்கேயே நின்றுவிடும். எச்சரிக்கையும் வேண்டும், விடையும் வேண்டும் என்றால், கணக்கை நிறுத்தாமல் எச்சரிக்கையைக் குறித்துக்கொள்ள உதவும் வித்-காலிங்-ஹேண்ட்லர்ஸ்தான் (withCallingHandlers) வழி.

சந்தேகம் வந்த சுற்றை மட்டும் தனியாக ஓட்டிப் பார்க்க, அது தொடங்கியபோது சமவாய்ப்பு எண் இயக்கி எந்த நிலையில் இருந்தது என்பது தெரிய வேண்டும். ஆர் இயல்பாகப் பயன்படுத்தும் மெர்சென் ட்விஸ்டர் என்ற இயக்கியின் நிலை 626 முழு எண்கள், சுற்றுக்கு சுமார் 2.5 கேபி. தொடக்கத்தில் போட்ட சீட் (seed, இயக்கியைத் தொடங்கிவைக்கும் எண்) மட்டும் இருந்தால், 437-ஆவது சுற்றைப் பார்க்க முந்தைய 436-ஐயும் ஓட்ட வேண்டும். ஆரின் பதிப்பையும் குறித்து வையுங்கள். 2019-இல் வந்த 3.6.0 பதிப்பில் சாம்பிள் (sample) ஃபங்ஷன் எண்களைத் தேர்ந்தெடுக்கும் முறை மாறியது. அதே சீட் இருந்தாலும் பழைய விடை வராது.

சேமிப்பதில் மிகையும் கூடாது. ஒரு லட்சம் வரிசை, பத்து மாறிகள் உள்ள தரவில் எல்எம் (lm, நேர்கோட்டு ரெக்ரஷன்) மாடலை அப்படியே வைத்தால் ஒன்றுக்குக் குறைந்தது 20 எம்பி ஆகும், ஆயிரம் மாடலுக்கு 20 ஜிபி. ஃபங்ஷனுக்குள் உருவான மாடலின் ஃபார்முலா அந்த ஃபங்ஷனின் சூழலையும், அதாவது உள்ளே உருவான மற்ற பொருள்களையும், பிடித்து வைத்திருக்கும். கோப்பில் சேமிக்கும் சேவ்-ஆர்டிஎஸ் (saveRDS) ஃபங்ஷன் அதையும் சேர்த்தே கோப்பில் எழுதிவிடும், உள்ளே இருந்த பெரிய தரவு உட்பட. கெழுக்களும் அவற்றின் கோவேரியன்ஸ் அணியும் (அவை சேர்ந்து எப்படி ஏறி இறங்கும் என்று காட்டும் அட்டவணை) பெரும்பாலும் போதும்.

மணிக்கணக்கில் ஓடும் வேலை என்றால் ஐம்பது சுற்றுக்கு ஒரு தடவை வட்டில் எழுதுங்கள். முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் பெயரை மாற்றுங்கள். எழுதும்போது மின்சாரம் போனாலும் பழைய கோப்பு பிழைத்திருக்கும்.

ஒரு தடவை கணக்கிட்ட விடையை நினைவில் வைத்து மறுபடி தரும் மெமாய்ஸ் (memoise) போன்ற தொகுப்புகளை, அதே உள்ளீட்டுக்கு எப்போதும் அதே விடை தரும் ஃபங்ஷன்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். சமவாய்ப்பு எண் எடுக்கும் ஃபங்ஷனுக்குப் போட்டால் முதல் விடையே திரும்பத் திரும்ப வரும், பூட்ஸ்ட்ராப் முறையில் (தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து) கணக்கிடும் திட்டப் பிழை பூஜ்யம் என்று காட்டும்.