குழந்தை பிறந்தால் அப்பாவுக்கு எத்தனை நாள் லீவ்?

இந்தியாவில் அப்பாவுக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டா என்று யாராவது கேட்டால், "எங்கே வேலை பார்க்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்ட பிறகுதான் பதில் சொல்ல முடியும். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள். பொதுத்துறை வங்கி ஊழியருக்கும், 2015 ஊதிய ஒப்பந்தத்திலிருந்து 15 நாள். மாநில அரசு ஊழியருக்கு அந்தந்த மாநிலத்தின் விதி. தனியார் வேலை என்றால் கம்பெனி மனது வைப்பதுதான் கணக்கு. சட்டப்படி அங்கே ஒரு நாள்கூட இல்லை.

இதில் பலருக்கும் ஒரு குழப்பம் இருக்கிறது. மகப்பேறு பயன் சட்டம் என்று ஒன்று 1961 முதல் இருக்கிறதே, 2017-ல் அதைத் திருத்தி 26 வாரம் ஆக்கினார்களே, அதில் அப்பாவுக்கும் ஏதாவது இருக்குமே என்று நினைக்கிறார்கள். இல்லை. அது முழுக்கத் தாய்க்கான சட்டம். 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பழைய மகப்பேறு சட்டத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதிலும் அப்பாவுக்கு இடமில்லை. நாட்டின் தொழிலாளர் சட்டங்களை மொத்தமாகத் திரட்டி எழுத உட்கார்ந்தவர்கள் இதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

விதி 43-ஏ

மத்திய அரசு ஊழியரின் 15 நாள், 1972-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி விடுப்பு விதிகளில் 43-ஏ என்ற விதியில் வருகிறது. ஐந்தாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு சேர்த்தார்கள். அதில் உள்ளது இவ்வளவுதான்: விண்ணப்பிக்கும் ஆண் ஊழியருக்கு உயிரோடு இருக்கும் குழந்தைகள் இரண்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும். மனைவியின் பிரசவத்துக்கு 15 நாள் முன்னதாகத் தொடங்கி, குழந்தை பிறந்த நாளிலிருந்து ஆறு மாதம் முடியும்வரை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். விடுப்புக்கு முன் வாங்கிய சம்பளம் அப்படியே வரும். அந்த 15 நாள், ஈட்டிய விடுப்புக் கணக்கில் கழியாது. ஆறு மாதத்துக்குள் எடுக்காவிட்டால் காலாவதி. அப்புறம் கேட்டுப் பயனில்லை.

"இரண்டுக்கும் குறைவாக" என்பதைச் சில அலுவலகங்களில் தப்பாகப் படித்து, இரண்டாவது குழந்தைக்கு விடுப்பு கிடையாது என்று கோப்பைத் திருப்பிவிடுகிறார்கள். இரண்டாவது பிரசவத்தின்போது வீட்டில் இருப்பது ஒரு குழந்தைதான்; ஆகவே தகுதி உண்டு. மூன்றாவதுக்குத்தான் கிடையாது. முதல் பிரசவத்திலேயே இரட்டைக் குழந்தை பிறந்தவருக்கு அந்தப் பிரசவத்துக்கு விடுப்பு உண்டு, அடுத்ததற்கு இல்லை.

விதியோடு ஒரு குறிப்பும் இருக்கிறது. எந்தச் சூழ்நிலையிலும் இந்த விடுப்பைச் சாதாரணமாக மறுக்கக் கூடாது என்பது அதன் சாரம். "இப்போ ஆடிட் நடக்குது, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று மேலதிகாரி சொன்னால், அந்தக் குறிப்பை விண்ணப்பத்திலேயே மேற்கோளாக எழுதிக் கொடுங்கள். வாயால் வாதாடுவதைவிட அது சீக்கிரம் வேலை செய்யும்.

இதை எப்போது எடுப்பது என்பதில்தான் நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். தலைப்பிரசவம் அங்கேதான். கணவர் பிரசவ நாளன்று ஓடிப்போய், ஆஸ்பத்திரி வராண்டாவில் மூன்று நாள், மாமியார் வீட்டில் நாலைந்து நாள் என்று விடுப்பைக் கரைத்துவிட்டுத் திரும்புகிறார். அங்கே பார்த்துக்கொள்ள அம்மா, பாட்டி, சித்தி என்று ஆள் நிறைய. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ மனைவியும் குழந்தையும் தன் வீட்டுக்கு வரும்போதுதான் இரண்டாவது ஆள் இல்லாமல் திண்டாட்டம் ஆரம்பிக்கிறது. ராத்திரி விழித்திருக்க ஆள் வேண்டும், தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டும். ஆறு மாதம்வரை எடுக்கலாம் என்று விதியே சொல்வதால், பிரசவ வாரத்துக்கு நாலு நாள் தற்செயல் விடுப்பைப் போட்டுச் சமாளித்துவிட்டு, இந்த 15 நாளை மனைவி வீடு திரும்பும் நாளுக்கு ஒதுக்கி வைப்பதே கெட்டிக்காரத்தனம். சிக்கலான பிரசவம், தாய்வீட்டில் ஆளில்லை என்றால் கதை வேறு. அப்போது முதல் நாளிலிருந்தே எடுத்துவிட வேண்டும். ஈட்டிய விடுப்பு போன்ற மற்றவற்றோடு சேர்த்தும் எடுக்கலாம். பிரித்துப் பிரித்து எடுப்பது பற்றி விதியில் ஒரு வார்த்தையும் இல்லை; ஒரே தொடராகக் கேட்பதுதான் வம்பில்லாதது. நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமையும் 15-க்குள்தான் சேரும்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுத்தாலும் இதே 15 நாள் உண்டு. தத்தெடுப்பு சட்டப்படி முடிந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள். 2024 ஜூன் முதல் வாடகைத்தாய் மூலம் குழந்தை பெறும் தந்தைக்கும் சேர்த்துவிட்டார்கள். மனைவியை இழந்தவர், விவாகரத்தானவர், மணமாகாதவர் என்று தனியாகக் குழந்தை வளர்க்கும் ஆண் ஊழியருக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் 2018 டிசம்பர் முதல் கிடைக்கிறது: பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள், முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365-க்கு 80 சதவீதம். இது பலருக்குத் தெரியவே தெரியாது.

மாநிலம் மாறினால்

மத்திய விதி மாநில அரசு ஊழியருக்குத் தானாகப் பொருந்தாது. கேரளம் தன் ஊழியருக்கு 10 நாள் தருகிறது. சிக்கிம் 2023-ல் ஒரு மாதம் என்று அறிவித்தது. தமிழ்நாடு தன் பெண் ஊழியருக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பை ஓராண்டாக உயர்த்தியது. நாட்டிலேயே தாராளமான ஏற்பாடுகளில் அது ஒன்று. ஆண்கள் விஷயத்தில் நிலைமை என்ன என்பதற்குத் தென்காசி மாவட்டத்து வழக்கு ஒன்று இருக்கிறது.

அங்கே ஒரு காவல் ஆய்வாளர். செயற்கைக் கருத்தரிப்பு மூலம் மனைவி கருவுற்றிருந்தார். கூட இருந்து பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை என்று 90 நாள் விடுப்பு கேட்டார். முதலில் கொடுத்தார்கள். பிறகு சட்டம் ஒழுங்கு, ஆள் பற்றாக்குறை என்று ரத்து செய்தார்கள். அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அதன் பிறகு 30 நாள் கிடைத்தது. பிரசவமோ அந்த 30 நாள் முடியும் தருவாயில் வந்து நின்றது. நீட்டிப்பு கேட்டார், கிடைக்கவில்லை, வேலைக்கும் போகவில்லை. பணியைவிட்டு ஓடியவர் என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். 2023-ல் மதுரைக் கிளையில் நீதிபதி எல். விக்டோரியா கௌரி அந்த உத்தரவை ரத்து செய்தார். தந்தைக்கான விடுப்புக்குத் தனிச்சட்டம் வர வேண்டிய நேரம் இது என்றும் தீர்ப்பில் சொன்னார்.

தீர்ப்பு அவர் வேலையைக் காப்பாற்றியது. ஆனால் அதை வைத்து அடுத்த காவலர் விடுப்பு கேட்க முடியாது. நீதிமன்றம் சட்டம் இயற்ற வேண்டும் என்று சொல்லலாம், இயற்ற முடியாது.

தனியார் ஊழியர்

சில பெரிய நிறுவனங்கள் முன்வந்து செய்திருக்கின்றன. சொமேட்டோ 2019-ல் அப்பாக்களுக்கும் 26 வாரம் என்று அறிவித்தது; டியாஜியோ இந்தியா 2021-ல் அதே அளவு கொடுத்தது. இவை செய்தியாவதே இவை அபூர்வம் என்பதால்தான். பெரும்பாலான இடங்களில் ஐந்து நாள், பத்து நாள். சின்ன கம்பெனிகளில், ஸ்வீட் டப்பாவோடு வந்தால் "அப்புறம் எப்போ வேலைக்கு?" என்ற கேள்விதான்.

தமிழ்நாட்டில் கடையிலோ ஐ.டி. அலுவலகத்திலோ வேலை பார்ப்பவருக்குக் கையில் இருப்பது 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். ஓராண்டு வேலை முடித்தவருக்கு அதன்படி 12 நாள் சம்பள விடுப்பு, 12 நாள் நோய் விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு. பிரசவத்துக்கு ஆண்கள் எடுப்பது இதிலிருந்துதான். அதனால் குழந்தை பிறந்த வருடத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல் வரக் கூடாது, ஊரில் சாவு விழக் கூடாது.

நீட்டிக்க வேண்டுமா?

வேண்டும் என்பதே என் கட்சி. எதிர்த்தரப்பிலும் ஒரு வாதம் இருக்கிறது. 2016-ல் மகளிர் மற்றும் குழந்தைகள் நல அமைச்சராக இருந்த மேனகா காந்தி, ஆண்களுக்கு இப்படி லீவ் கொடுத்தால் அது வெறும் விடுமுறையாகத்தான் போகும், அவர்கள் ஒன்றும் செய்யப் போவதில்லை என்ற பொருளில் பேசினார். பல வீடுகளைப் பார்த்தவர்கள் அதைச் சட்டென்று மறுத்துவிட முடியாது.

ஆனால் ஜப்பானைப் பாருங்கள். அங்கே அப்பாக்களுக்கு நீண்ட விடுப்பு காகிதத்தில் எப்போதோ வந்துவிட்டது. எடுத்தவர்கள் 2015-ல் 3 சதவீதம்கூட இல்லை. 2022-ல் சட்டத்தைத் திருத்தி, குழந்தை பிறக்கப்போகும் ஊழியரை முதலாளியே கூப்பிட்டு "எப்போது எடுக்கப் போகிறீர்கள்?" என்று தனித்தனியாகக் கேட்டாக வேண்டும் என்றார்கள். 2023-ல் 30 சதவீதம் பேர் எடுத்தார்கள். ஆண்களின் குணம் ஏழெட்டு வருடத்தில் மாறிவிடவில்லை. கேட்பவன் கூச்சப்பட வேண்டியிருந்த இடத்தில், கேட்க வேண்டிய பொறுப்பை எதிர்த்தரப்பில் வைத்தார்கள். ஸ்வீடன் 1995-லேயே ஒரு மாதத்தை அப்பாவுக்கென்று ஒதுக்கி, அவர் எடுக்காவிட்டால் குடும்பத்துக்கே அது இல்லை என்று வைத்ததும் இதே காரணத்துக்குத்தான்.

எனக்குப் பெரிய கேள்வி, பணம் யார் கொடுப்பது என்பதே. மகப்பேறு விடுப்பின் 26 வாரச் சம்பளமும், இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் இல்லாத இடங்களில், முழுக்க முதலாளி தலையில். பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்குவதற்கு இது ஒரு காரணம் என்று எல்லாருக்கும் தெரியும். அப்பா விடுப்பையும் அதே மாதிரி முதலாளியிடம் தள்ளினால், புது மாப்பிள்ளையை எடுக்கவும் யோசிப்பார்கள். சின்ன பட்டறை ஏய்க்கும், பெரிய கம்பெனி மட்டும் கொடுக்கும்.

இ.எஸ்.ஐ. ஏற்கெனவே இருக்கிறது. கோவை மில் ஒன்றில் மாதம் 18,000 ரூபாய் வாங்கும் ஃபிட்டரின் சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய் அவரிடம் பிடிக்கிறார்கள். முதலாளி 3.25 சதவீதம், 585 ரூபாய் போடுகிறார். மாதம் 720 ரூபாய் அவர் பெயரில் போகிறது. அவர் மனைவிக்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பார்கள். பக்கத்து மெஷினில் நிற்கும் பெண் தொழிலாளிக்குப் பிரசவம் என்றால் 26 வாரக் கூலி முழுதாக வரும், சரியாகவே வரும். இவருக்குக் கூலி இழப்புக்கு ஒன்றும் வராது. நாள் கூலி 600 என்று வைத்தால் 15 நாளைக்கு 9,000 ரூபாய். இரண்டு குழந்தைக்கும் சேர்த்து ஒரு தொழிலாளியின் ஆயுளுக்கே 18,000. பெண் தொழிலாளிக்கு ஒரு பிரசவத்துக்கு வருவது 1,09,200. இதோடு ஒப்பிட்டால் அப்பாவுக்கு ஒரு மாதம் கொடுப்பதுகூட நிதியை முறித்துவிடும் செலவு இல்லை.

ஆகவே மத்திய அரசு ஊழியருக்கு 15-ஐ 30 ஆக்குவதற்கு முன், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்கி இ.எஸ்.ஐ.க்குள் இருப்பவருக்கு முதல் 15 நாள் வர வேண்டும். அந்த உச்சவரம்பைத் தாண்டியவருக்கும் தினக்கூலிக்காரருக்கும் வேறு வழி தேட வேண்டியிருக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் தாயின் ஊட்டத்துக்கானது, அதில் கை வைக்கக் கூடாது.

அரசு பணம் கொடுத்தால் எப்படி நடக்கும் என்பதற்கு சிங்கப்பூர் இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் அங்கே அப்பாக்களுக்கு நான்கு வாரம் கட்டாயம். சம்பளத்தை, வாரம் 2,500 வெள்ளி உச்சவரம்புக்குள், அரசு முதலாளிக்குத் திருப்பித் தருகிறது. குழந்தை சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும் என்பதால், வேலை அனுமதியில் போயிருக்கும் நம் ஊர்ப் பையன்கள் பெரும்பாலோருக்கு அது எட்டாது. மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் தொடர்ந்து ஏழு நாள், ஐந்து பிரசவம் வரை. ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். அங்கே செலவு முதலாளிக்கு.

நம் நாடாளுமன்றத்திலும் பேச்சு எழாமல் இல்லை. 2017-ல் மகாராஷ்டிர எம்.பி. ராஜீவ் சாதவ் தனிநபர் மசோதா (அமைச்சராக இல்லாத எம்.பி. தாமாகக் கொண்டுவருவது) ஒன்று கொண்டுவந்தார். தனியார், அமைப்புசாராத் தொழிலாளர் எல்லாருக்கும் 15 நாள். அதற்கு ஊழியர், முதலாளி, மத்திய அரசு மூவரும் பணம் போடும் நிதி ஒன்று. யோசனை சரியானதுதான். ஆனால் 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை, இதுவும் ஆகவில்லை.

சட்டம் வரும்வரை சங்கம் இருக்கும் ஆலைகளில் ஒரு வழி உண்டு. கூலி ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது போனஸ், பஞ்சப்படி, கேன்டீன் என்று கோரிக்கைப் பட்டியல் போகும். அதில் அப்பா விடுப்பையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம். ஒப்பந்தத்தில் ஏறிவிட்டால் அது நிர்வாகத்தின் தயவு இல்லை, கேட்டு வாங்கும் உரிமை. சங்கம் இல்லாத இடத்தில், வேலை உத்தரவு கைக்கு வருவதற்கு முன்பே எச்.ஆரிடம் கேட்டு எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது. மனைவிக்கு எட்டாம் மாதம் ஆனபிறகு கேட்டால், பேரம் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது.