பழைய ஹார்டு டிஸ்கை அழிக்க அத்தனை அவசரம் ஏன்?

ஜிஎஸ்டி வரிக்கான ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தைத் தாக்கல் செய்ய ஒரு நாளே எஞ்சியிருந்த 19ஆம் தேதி மாலையில், கணக்கர் ஒருவர் தம் மடிக்கணினியோடு எங்கள் பழுதுநீக்கும் கடைக்கு வந்தார். முந்தைய இரவில், ஒன்பது ஆண்டுகள் உழைத்த ஹார்டு டிஸ்கை ஒரு காணொளியைப் பார்த்துத் தாமே புதிய எஸ்எஸ்டிக்கு, அதாவது வேகமான புதுவகை டிஸ்குக்கு, அச்சு அசலாக நகலெடுத்து, குளோன் செய்திருக்கிறார். கணினி சில நொடிகளில் திறந்துகொண்டதைக் கண்ட மகிழ்ச்சியில், பழைய டிஸ்கை அன்றிரவே ஃபார்மட் செய்து, யுஎஸ்பி உறைக்குள் போட்டுப் படங்கள் சேமிக்கவும் தொடங்கிவிட்டார். காலையில் கணக்கு மென்பொருள் உரிமம் இல்லை என்று கூறி நின்றுவிட்டது. குளோன் செய்ததில் அவர் ஒரு பிழையும் செய்யவில்லை என்பதுதான் என் வருத்தம். இதே கதையோடு வருபவர்களை எண்ணுவதையே நான் நிறுத்திவிட்டேன்.

“டிஸ்கில் இருந்தது அத்தனையும் வந்துவிட்டதே, உரிமம் மட்டும் எப்படி வராமல் போகும்?” என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. பட்டாவை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து நிலத்தில் வேலி போட முடியுமா? இத்தகைய மென்பொருளை முதன்முதலாக ஆக்டிவேட் செய்யும்போது, அது மதர்போர்டு, நெட்வொர்க் கார்டு, ஹார்டு டிஸ்க் போன்றவற்றின் அடையாளங்களைத் திரட்டி, அந்த இயந்திரத்தின் பெயரில் நிறுவனத்தின் சர்வரில் ஓர் இடத்தைப் பதிவுசெய்கிறது. உங்கள் டிஸ்கில் இருப்பது அந்தப் பதிவின் ஒரு பாதி மட்டுமே. குளோன் செய்தால் அந்தப் பாதி பிசகாமல் வந்து சேரும். ஆனால் தொழிற்சாலையில் டிஸ்கின் ஃபர்ம்வேரில், அதாவது டிஸ்கையே இயக்கும் உள் நிரலில், எழுதப்பட்ட சீரியல் எண் எந்தக் குளோனிலும் வராது. மென்பொருள் சரிபார்ப்பது அந்த எண்ணையாக இருந்தால், நேற்றுவரை உங்களுடையதாக இருந்த கணினி இன்று அதற்கு அந்நியக் கணினி. சர்வரிலோ உங்கள் இடம் இன்னும் பழைய டிஸ்கின் பெயரிலேயே இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்கும் பொத்தானும் பழைய டிஸ்கில்தான் இருந்தது. அதைத்தான் அழித்துவிட்டீர்கள்.

ஆகவே, ‘டீஆக்டிவேட்’ என்றோ ‘சரண்டர்’ என்றோ மென்பொருளின் பட்டியலில் இருக்கும் அந்த வசதியை, பழைய டிஸ்க் உயிரோடு இருக்கும்போதே, இணையத்தில் இணைந்த நிலையில், குளோனைத் தொடங்குவதற்கு முன்பே பயன்படுத்துங்கள். சில பழைய மென்பொருள்கள் உரிமத் தகவலை எந்தப் பார்ட்டிஷனிலும் (சி, டி போன்ற டிஸ்கின் பகுதிகளில்) வைக்காமல், டிஸ்கின் தொடக்கத்தில் உள்ள வெற்று செக்டர்களில், அதாவது தரவு எழுதப்படும் சிறு கட்டங்களில், ஒளித்துவைக்கும். பார்ட்டிஷன்களை மட்டும் நகலெடுக்கும் கருவிகளுக்கு அது தெரியவே தெரியாது. அந்த உரிமத்தை வழங்கிய சர்வரே மூடப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அடோபி நிறுவனம் ஃபோட்டோஷாப் அடங்கிய தன் பழைய சிஎஸ்2 தொகுப்புக்கான ஆக்டிவேஷன் சர்வர்களை மூடியபோது, ஆக்டிவேஷன் தேவைப்படாத பதிப்பை 2013இல் வெளியிட்டது. எல்லா நிறுவனங்களும் அப்படிச் செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், பலர் அஞ்சுவது விண்டோஸை நினைத்துத்தான். பெரும்பாலும் தொல்லை தராததும் அதுதான். விண்டோஸ் 8 முதல், விண்டோஸோடு விற்கப்படும் மடிக்கணினிகளில் உரிமக் குறியீடான கீ மதர்போர்டிலேயே பதிக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸ் 10இன் டிஜிட்டல் உரிமமும் முக்கியமாக மதர்போர்டைச் சார்ந்தது. டிஸ்க் மட்டும் மாறினால் பொதுவாக எதுவும் ஆகாது. விண்டோஸ் 7 காலத்துக் கணினி என்றால், அடிப்புறத்து ஸ்டிக்கரில் உள்ள 25 எழுத்துகளை அவை தேய்ந்து மறைவதற்குள் படமெடுத்து வையுங்கள். ஆஃபீஸ் 2013 முதலான பதிப்புகளுக்கோ கணினியில் கீயின் கடைசி ஐந்து எழுத்துகள்தான் மிஞ்சும் என்பதால், ‘கீ கண்டுபிடிப்பான்’ எதையும் நம்பாமல், வாங்கியபோது வந்த அட்டையையோ மின்னஞ்சலையோ தேடி எடுங்கள். கிராக் செய்த மென்பொருளோடு வந்து “இதுவும் வருமா சார்?” என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

டிஸ்க் டிக்டிக்கென ஒலித்தால் குளோன் மென்பொருளைத் தொடவே தொடாதீர்கள். முதலில் தரவை மீட்பவரிடம் கொடுங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில், படிக்கத் திணறும் ‘நிலுவை’ செக்டர்கள் தென்பட்டால், முழு டிஸ்கையும் படிக்கத் தொடங்கும் முன் முக்கியக் கோப்புகளை மட்டும் உடனே வெளியே எடுங்கள். டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, அதன் 48 இலக்க மீட்புக் கீயைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதை அதே மடிக்கணினியில் கோப்பாகச் சேமித்துவைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். குளோன் முடிந்தபின் முதன்முறை இயக்கும்போது பழைய டிஸ்க் கழற்றப்பட்டிருக்க வேண்டும். சீரியல் எண் வேறாக இருந்தாலும், விண்டோஸ் டிஸ்கில் எழுதிவைக்கும் அடையாளம் குளோனிலும் அப்படியே வந்துவிடும்; அது ஒன்றாக உள்ள இரண்டு டிஸ்குகளைக் கண்டால் விண்டோஸ் குழம்பும்.

பிறகு, தயவுசெய்து அந்தப் பழைய டிஸ்கின் மீது தேதி எழுதி ஒரு மாதம் அலமாரியில் வையுங்கள். தினமும் திறக்கும் மென்பொருள்களை மட்டுமன்றி, மாதம் ஒருமுறை திறப்பதையும் ஸ்கேனரையும் பிரிண்டரையும் ஒருமுறை இயக்கிப் பார்த்த பின்னரே அதை வேறு வேலைக்கு எடுங்கள். அந்தக் கணக்கர் தம் வாங்கல் ரசீதை மூன்று மின்னஞ்சல் கணக்குகளில் தேடி, ஒருவழியாகக் கண்டெடுத்து, வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பி, 21ஆம் தேதி பிற்பகலில் உரிமத்தை விடுவித்துக்கொண்டார். தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய்தான். தாக்கலுக்காகக் காத்திருந்த தம் வாடிக்கையாளரிடம் அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.